தலைவிதியா? மனிதர் ஏற்பாடா?

ஏழைத் தேசங்கள் ஏழையாகவே இருப்பதற்கு அந்தத் தேசத்து ஜனங்களின் சோம்பேறித்தனமே காரணம் என்று சிலரும், அது அவர்கள் தலைவிதி என்று சிலரும் சொல்லி வருகின்றார்கள். இவ்விரு கூட்டத்தாரும் தென்கொரியாவைப் பற்றி என்ன பதில் சொல்லுவார்கள் என்று கேட்கின்றோம்.

1963-ல் அங்கு வேலை செய்வோரில் 100-க்கு 60 பேருக்கு மேல் விவசாயத்தையும் மீன்பிடித்தலையும் நம்பியே பிழைத்தார்கள். இன்றோ 100-க்குச் சுமார் 5 பேர்தான். மற்றவர்கள் யந்திர சாலைகளுக்கும், கப்பல் கட்டும் துறைகளுக்கும், வேறு உத்தியோகங்களுக்கும் போய்விட்டார்கள். ஒரு மனிதனின் ஆயுளுக்குள் மாறிவிடக் கூடியதற்கு விதி என்ற பெயர் எதற்கு?

செயிண்ட் லூசியாத் தீவில் பிறந்த கறுப்பினத்தவரான ஆர்தர் லூயிஸ் என்ற பொருளாதார நிபுணர் 1954-லேயே இதன் சூட்சுமத்தை எழுதினார். 1979-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. 4 பேர் பாடுபடக்கூடிய நிலத்தில் 8 பேர் பாடுபட்டால் விளைச்சல் இரட்டிக்காது. ஆளுக்குக் கிடைக்கும் பங்குதான் பாதியாகும். மிஞ்சிய 4 பேருக்கு வேறு தொழில் கொடுத்தால் விளைச்சலும் குறையாது, புதிய வரும்படியும் சேரும். ஆனால், கிராமத்தில் வேலையற்ற கூட்டம் காத்திருக்கிற வரையில் கூலி உயராது, லாபமெல்லாம் முதலாளிக்கே சேரும் என்பதும் அவர் கணக்கேயாகும்.

கொரியாவில் முதலில் நிலத்தில் கைவைத்தார்கள். 1949-ல் செய்து 1950-ல் நடத்திய சட்டப்படி ஒரு குடும்பத்துக்குச் சுமார் 7½ ஏக்கருக்கு மேல் சாகுபடி நிலம் கூடாது. உழுதவன் வருஷ விளைச்சலில் 100-க்கு 30 வீதம் 5 வருஷம் செலுத்தி அதைச் சொந்தமாக்கிக் கொண்டான். வாரம் அளப்பது நின்ற வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வழி பிறந்தது.

நிற்க, பட்டணத்துக்குப் போனவர்களுக்குச் சுகம் தானாக வந்துவிடவில்லை. 1970 நவம்பர் 13-ந் தேதி சியோல் நகரில் ஜியோன் டே-இல் என்னும் 22 வயதுத் தையல் தொழிலாளி, ஏட்டில் கிடந்த தொழிலாளர் சட்டத்தை அமுலில் கொண்டுவரக் கோரித் தீக்குளித்து மாண்டார். 1987-ல் லட்சக்கணக்கானவர்கள் வேலை நிறுத்தம் செய்த பிறகு கூலி வேகமாய் உயர்ந்தது.

ஆகவே, தேசம் முன்னேறுகிறது என்று யாராவது சொன்னால் நிலம் யாருக்கு, படிப்பு யாருக்கு, லாபம் யாருக்கு என்று கேளுங்கள். பதில் சொல்லாதவன் தன்னுடைய முன்னேற்றத்தைத்தான் தேசத்தின் பேரால் சொல்லுகின்றான்.