பார்ப்பவருக்கு நிறுத்தும் உரிமை வேண்டும்!



"கம்ப்யூட்டர் டிப்ளமோ முடிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று எங்கள் தெருவில் என்னைக் கேட்காத ஆளில்லை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆகவே பதில் சொல்ல வேண்டிய கடமையும் எனக்கே! நம் சீனியர்கள் பலருக்குக் கிடைத்திருக்கும் வேலையின் பெயர் "மானிட்டரிங்". இரவு ஷிப்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது. நமக்கும் அநேகமாக அதுதான். ஆனால் நாம் பார்க்கப்போகும் திரைக்குப் பின்னால் ஓடுவது பழைய மாதிரி தனித்தனி புரோகிராம்கள் அல்ல. ஏஜென்ட் என்று சொல்கிறோமே, அந்த மென்பொருள் முகவர்கள். ஒன்று திட்டம் போடும், ஒன்று புரோகிராம் எழுதும், ஒன்று சோதிக்கும், ஒன்று அறிக்கை தரும். இப்படிக் கூட்டாக வேலை செய்பவற்றைக் கண்காணிக்கும் அமைப்பு எப்படி இருக்க வேண்டும்? இதில் நமக்கும் ஒரு கருத்து இருக்க வேண்டாமா?

என் அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். ஒரே ஆளாக ஆறு தறிகளைப் பார்த்துக்கொள்வார். ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். அதற்கு ஒரு சின்ன அமைப்பு தறியிலேயே இருக்கிறது. ஆனால் பாவில் ஓர் இழை அறுந்தால் அவர் ஓட்டும் பழைய தறி நிற்காது. அது பாட்டுக்கு ஓடும், துணியில் நீளத்துக்கும் கோடு விழும். "தறி ஓடுதுங்கறதுக்காகத் துணி நல்லா வருதுன்னு அர்த்தமில்ல கண்ணு" என்பார்.

பல இடங்களில் கண்காணிப்பு என்றால் தறி ஓடுகிறதா என்று பார்ப்பதோடு சரி. ஒவ்வொரு ஏஜென்டும் சில நொடிக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று செய்தி அனுப்பும், பச்சை விளக்கு எரியும். இது போதுமா? போதவே போதாது!

2011-ல் அமேசானில் நடந்ததைக் கேளுங்கள். ‘தி மேக்கிங் ஆஃப் எ ஃப்ளை’ என்ற உயிரியல் நூலை இரண்டு வியாபாரிகள் விற்றார்கள். விலை வைக்கும் வேலையை இருவருமே புரோகிராமிடம் விட்டிருந்தார்கள். ஒன்று, எதிராளியின் விலையை 0.9983-ஆல் பெருக்கித் தன் விலையாக வைக்கும். மற்றது, எதிராளியின் விலையை 1.270589-ஆல் பெருக்கும். கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள், ஒரு சுற்றுக்குச் சுமார் 27 சதவீதம் ஏறும். ஏறி ஏறி, ஒரு புத்தகத்தின் விலை 2 கோடியே 36 லட்சம் டாலரைத் தாண்டியது! மைக்கேல் ஐசன் என்ற உயிரியல் விஞ்ஞானி கவனித்து எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு புரோகிராமும் சொன்னதைத்தான் செய்தன. இரண்டுக்கும் பச்சை விளக்குதான். தவறு இருந்தது இரண்டுக்கும் நடுவில்.

அவை போட்டியாளர்கள். ஒரே குழுவில் இருப்பவையோ ஒன்று சொன்னதை இன்னொன்று நம்பிவிடும். எங்கள் புராஜெக்டில் எழுத, சோதிக்க, அறிக்கை தர என்று மூன்று ஏஜென்ட்களை இணைத்து ராத்திரி ஓடவிட்டோம். காலையில் "எல்லாச் சோதனைகளும் வெற்றி" என்று அறிக்கை. குதித்தோம்! என் லேப் பார்ட்னர் மட்டும் நோட்டைப் புரட்டினாள். "நேத்து 24 சோதனை இருந்துச்சு, இன்னிக்கு 23-தான் இருக்கு?" தோற்றுக்கொண்டிருந்த சோதனையை எழுதும் ஏஜென்ட் நீக்கியே விட்டிருந்தது! இருந்ததைச் சோதித்தது ஒன்று, கேட்டதை எழுதியது மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் பச்சை விளக்குதான்.

ஆகவே நான் சொல்வது நான்கு விஷயம்.

ஒன்று, கண்ணை வைக்க வேண்டியது வேலை கைமாறும் இடத்தில். நம் ஒர்க்‌ஷாப்பில் ஜாப் கார்டு உண்டல்லவா? லேத், டிரில்லிங், கிரைண்டிங் என்று வேலை எங்கே போனாலும் கார்டும் கூடப் போகும். 2010-ல் கூகுள் வெளியிட்ட டேப்பர் கட்டுரையில் இருப்பதும் இதே யோசனைதான். ஒரு கோரிக்கைக்கு ஓர் எண், எத்தனை கம்ப்யூட்டரைக் கடந்தாலும் அதே எண். ஏஜென்ட்களுக்கும் இது வேண்டும். ஆனால் கார்டில் எழுதுவது ஏஜென்டாக இருக்கக் கூடாது. செய்தி கடந்துபோகும் பாதையே பதிவு செய்ய வேண்டும். பரிட்சை எழுதியவனிடமே பேப்பர் திருத்தக் கொடுப்போமா?

இரண்டு, எல்லை. எத்தனை சுற்று, எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்று முன்கூட்டியே வரையறுத்து, தாண்டினால் தானாக நிற்க வேண்டும், ஊடை அறுந்த தறி மாதிரி.

மூன்று, எச்சரிக்கை வந்தால் எழுந்திருக்க ஓர் ஆள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் எட்டு சர்வர்களில் புதிய புரோகிராமை ஏற்றியிருக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போயிற்று. அதில் கிடந்த பழைய புரோகிராம் கண்டபடி ஆர்டர் போட்டது. தவறு எங்கே என்று புரியாமல் மற்ற ஏழிலிருந்தும் புதியதை எடுத்தார்கள், கோளாறு பெருகியது! சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். கொடுமை என்னவென்றால், சந்தை திறக்கும் முன்பே அவர்களுடைய சிஸ்டம் இந்தக் கோளாறைச் சொல்லி 97 ஈமெயில்கள் அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்படாதவை, யாரும் பொருட்படுத்தவில்லை.

நான்கு, பார்ப்பவருக்கு நிறுத்தும் உரிமை. 1924-ல் ஜப்பானில் சாகிச்சி டொயோடா உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றது. அந்த யோசனைதான் பிறகு டொயோட்டா கார் தொழிற்சாலைக்குள் போயிற்று. கோளாறைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுக்கலாம். கோளாறு சரியாகாவிட்டால் லைன் நிற்கும். மேனேஜரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

"நொடியில் நூறு வேலை முடிக்கிற ஏஜென்டைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பையன் என்ன கிழிப்பான்? பார்ப்பதற்கும் ஓர் ஏஜென்டையே வை" என்பார்கள். வைக்கட்டும், வேகத்துக்கு அது தேவைதான். ஆனால் ஒரே மாடலில் செய்த காவல்காரனும் அதே இடத்தில் கண் அசரக்கூடும். எண்ணிச் சரிபார்க்கக் கூடியதை மெஷின் நிறுத்தட்டும். "என்னமோ சரியில்லையே" என்று தோன்றுவதை நிறுத்த மனிதர் வேண்டும்.

தோழர்களே, நாளை ஏதாவது தவறு நடந்தால் முதல் கேள்வி "அந்த நேரம் மானிட்டரிங்கில் யார் இருந்தது?" என்பதாகத்தான் இருக்கும். பொறுப்பு நம் தலையில், உரிமை வேறு யார் கையிலோ என்றால் நாம் பலிகடாதான்! இன்டர்வியூவுக்குப் போகும்போது "நான் எதைப் பார்க்கணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். "எதை நான் நிறுத்தலாம்?" என்றும் கேளுங்கள்.

என் அப்பா எட்டாவதோடு நின்றவர். ஆனால் துணியில் கோடு விழுவதைக் கண்டால் யாரையும் கேட்காமல் தறியை நிறுத்துவார். டிப்ளமோ படித்த நமக்கு அந்த உரிமை வேண்டாமா? சிந்திப்போம்!

— இறுதியாண்டு, கணினிப் பொறியியல்