995 - எண் தெரிந்தால் மட்டும் போதுமா?

மாணவர்களே! நம் ஊரில் யாருக்காவது திடீரென்று உடம்புக்கு முடியவில்லை என்றால் எந்த எண்ணை அழைப்போம்? 108. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சிங்கப்பூரில் அதற்கு 995. ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் அந்த ஒரே எண்தான். போலீசுக்கு மட்டும் 999.

'எதற்கு சார் சிங்கப்பூர் எண்?' என்கிறீர்களா? புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்துப் பள்ளிகளில் கேட்டுப் பாருங்கள். 'எங்க அப்பா சிங்கப்பூர்ல இருக்கார்', 'எங்க சித்தப்பா அங்கேதான் வேலை பார்க்கிறார்' என்று சிலராவது கை தூக்குவார்கள். அந்த அப்பாவும் சித்தப்பாவும் 2020-ம் ஆண்டில் பட்ட பாட்டைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

சிங்கப்பூர் சின்னஞ்சிறு நாடு. நம் மாவட்டங்கள் பலவற்றைவிடச் சிறியது. நல்ல மருத்துவமனைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 23-ம் தேதி கண்டறியப்பட்டார். ஏப்ரல் 7-ம் தேதி நாடு முழுவதும் முடக்கப்பட்டது. நாம் 'ஊரடங்கு' என்றோம் அல்லவா? அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சர்க்யூட் பிரேக்கர்'. வீட்டில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டால் 'டப்' என்று தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்குமே ஒரு சுவிட்ச், அதன் பெயர்தான்!

கட்டடம் கட்டவும், கப்பல் பழுது பார்க்கவும் வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அப்போது சுமார் 3 லட்சத்து 23 ஆயிரம் பேர் தங்கும் விடுதிகளில் இருந்தார்கள். இந்தியர்களும் வங்கதேசத்தவரும் அவர்களில் ஏராளம். இரண்டடுக்குக் கட்டில்கள் போட்ட அறை. ஓர் அறையில் 12 பேர், 16 பேர், சில இடங்களில் 20 பேர். 15 பேருக்கு ஒரு கழிவறை என்பது அப்போதைய விதி. சமையலறையும் பொதுதான். 'ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள்' என்று இவர்களிடம் சொன்னால் எங்கே போய் நிற்பார்கள்?

ஏப்ரல் 5-ம் தேதியே இரண்டு விடுதிகளைப் பூட்டிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் சுமார் 20 ஆயிரம் பேர். அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. சில நாட்களில் மற்ற விடுதிகளுக்கும் அதே நிலைதான். முதல் சில நாட்கள் சாப்பாடு, குப்பை, கழிவறை எல்லாவற்றிலும் குளறுபடி.

இப்போது ஒரு தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு. மேல்கட்டிலில் படுத்திருக்கிறார். உடம்பு அனலாகக் கொதிக்கிறது. மருத்துவமனை சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் கதவைத் தாண்ட முடியாது. 995 என்ற எண் அவருக்கும் தெரியும். உடனே அழைப்பாரா?

தயங்குவார் மாணவர்களே! 'காய்ச்சல் என்று சொன்னால் எங்கே கொண்டுபோவார்களோ? சம்பளம் வருமா? வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ? ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு வாங்கிய கடன் அப்படியே இருக்கிறதே!' என்று மனசு அடித்துக்கொள்ளும். பூட்டிய கதவைவிட இந்தப் பயம்தான் பெரிய தடை என்பது என் எண்ணம். நோயை மறைத்தால் அவருக்கும் ஆபத்து, அறையில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து.

அப்போது பிரதமராக இருந்த லீ சியன் லூங் அந்த ஏப்ரல் மாதத்திலேயே தொலைக்காட்சியில் தொழிலாளர்களைப் பார்த்துப் பேசினார். சிங்கப்பூரர்களைப் போலவே உங்களையும் கவனித்துக்கொள்வோம், சம்பளம் கிடைக்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் ஏற்பாடு செய்வோம் என்றார். கொரோனா சிகிச்சைக்குத் தொழிலாளியின் கையிலிருந்து பணம் கேட்கவில்லை. இது வெறும் ஆறுதல் பேச்சு என்று நினைக்காதீர்கள். பயம் குறைந்தால்தான் ஒருவர் வாயைத் திறந்து 'எனக்கு முடியவில்லை' என்பார். மருத்துவமே அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

நோயாளி வெளியே வர முடியாது என்றால், மருத்துவர்தானே உள்ளே போக வேண்டும்? அப்படித்தான் செய்தார்கள். விடுதி வளாகத்திலேயே மருத்துவக் குழுக்கள் வந்து உட்கார்ந்தன. சாங்கி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 'எக்ஸ்போ' என்ற பெரிய கண்காட்சி அரங்கம் உண்டு. அதில் வரிசையாகப் படுக்கைகளைப் போட்டு, லேசான நோய் உள்ளவர்களை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

மருத்துவர் வந்தாயிற்று. இனி கவலை இல்லை என்கிறீர்களா? அதுதான் இல்லை! பேச வேண்டுமே!

நம்மவர் ஒருவர், 'நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது, தலை கிறுகிறுன்னு வருது' என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீன மொழியும் ஆங்கிலமும் மட்டும் தெரிந்த மருத்துவருக்கு இதை எப்படிச் சொல்வது? உங்கள் ஆங்கில ஆசிரியரிடம் 'கிறுகிறு'வை மொழிபெயர்க்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும். நெஞ்சு வலிக்கிறதா, நெஞ்சு கரிக்கிறதா, நெஞ்சு அடைக்கிறதா என்பதற்குள் எவ்வளவு வித்தியாசம்! ஒன்றுக்கு மாத்திரை போதும். இன்னொன்றுக்கு ஆம்புலன்ஸ் வர வேண்டும்.

நம்மவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. சிங்கப்பூரின் நான்கு ஆட்சி மொழிகளில் தமிழும் ஒன்று. 1935-ம் ஆண்டிலிருந்து வரும் 'தமிழ் முரசு' நாளிதழ் அங்கே இருக்கிறது. தமிழ் தெரிந்த செவிலியரும் மருத்துவரும் உண்டு. (நாம் 'நோய்த்தொற்று' என்பதை அவர்கள் 'கிருமித்தொற்று' என்று எழுதுவார்கள். நல்ல சொல்!) ஆனால் வங்கதேசத் தொழிலாளர்களின் வங்காள மொழி ஆட்சி மொழி அல்லவே. அவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம்.

அப்போதுதான் மருத்துவம் படித்து முடித்த, வங்காளம் தெரிந்த இளம்பெண் ஒருவர் ஒரு வேலை செய்தார். 'எத்தனை நாளாகக் காய்ச்சல்?', 'மூச்சு விடச் சிரமமாக இருக்கிறதா?' என்று மருத்துவர்கள் கேட்கும் கேள்விகளை வங்காளத்தில் பேசிப் பதிவு செய்து இணையத்தில் போட்டார். மருத்துவர் செல்போனைத் தட்டினால் போதும், கேள்வி நோயாளியின் தாய்மொழியில் ஒலிக்கும்! பிறகு தன்னார்வலர்கள் சேர்ந்துகொள்ள, தமிழ் உள்படப் பல மொழிகள் வந்தன. கோடிக்கணக்கில் செலவு செய்த ஏற்பாடுகளுக்கு நடுவே, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இன்னொரு சிறு கருவியும் கைகொடுத்தது. பல்ஸ் ஆக்சிமீட்டர். விரல் நுனியில் கிளிப் போல மாட்டுவார்களே, அது. ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் பளிச்சென்ற சிவப்பு. ஆக்சிஜன் குறைந்தால் கருஞ்சிவப்பு. இந்தக் கருவி இரண்டு வகை ஒளியை விரல் வழியே செலுத்தி, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து அளவைச் சொல்லிவிடும். பொதுவாக 95-க்கு மேல் இருந்தால் நலம். கொரோனாவில் சிலருக்கு மூச்சுத் திணறல் தெரியாமலேயே ஆக்சிஜன் இறங்கிவிடும். ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், கருவி மட்டும் அபாயம் என்று காட்டும். விடுதிகளில் இதைக் கொடுத்து, தாங்களே அளந்துகொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். உடல் வெப்பத்தையும் தினமும் அளந்து செல்போன் செயலியில் பதிவு செய்ய வேண்டும்.

இந்தியத் தூதரகம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். தன் நாட்டு மக்களுக்கு உதவுவது தூதரகத்தின் பணிகளில் ஒன்று என்று 1963-ம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் சொல்கிறது. வெளிநாட்டில் தவிக்கும் இந்தியர்களுக்கென்று 2009-ல் தொடங்கிய நலநிதி ஒன்றும் உண்டு. வசதியில்லாதவருக்கு அவசர மருத்துவச் செலவுக்குக்கூட அதிலிருந்து உதவலாம். 2020 மே 7 முதல் 'வந்தே பாரத்' விமானங்களும் பறந்தன. ஆனால் அந்த நாட்டு மருத்துவமனைக்கு உத்தரவு போடத் தூதரகத்தால் முடியாது. அன்று பூட்டிய அறைக் கதவை அதனால் திறந்திருக்கவும் முடியாது.

முடிவில் என்ன ஆயிற்று? 2020 டிசம்பரில் கணக்கெடுத்தபோது, விடுதிவாசிகளில் 100-க்கு 47 பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. அதாவது சுமார் 1 லட்சத்து 52 ஆயிரம் பேர்! ஆனால் இறந்தவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் இளைஞர்கள் என்பது ஒரு காரணம். உடனுக்குடன் கவனித்தது மறு காரணம். வைத்தியத்துக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். நெருக்கியடித்து வாழவிட்டதற்குக் கொடுக்க முடியாது. அது மட்டுமல்ல, ஊர் மக்கள் கடைத்தெருவுக்குப் போய்வரத் தொடங்கிய பிறகும் இவர்களால் நினைத்தபடி வெளியே போக முடியவில்லை. அனுமதிச் சீட்டு முறை 2022 ஜூன் மாதம்தான் தளர்ந்தது.

அதற்குள் சில விதிகள் மாறின. 2022 ஏப்ரல் முதல், விடுதித் தொழிலாளர்களுக்கு அடிப்படை மருத்துவத் திட்டத்தை முதலாளியே வாங்கித் தர வேண்டும். மருத்துவக் காப்பீடு முன்பு குறைந்தது 15 ஆயிரம் சிங்கப்பூர் டாலர். 2023 ஜூலை முதல் 60 ஆயிரம். புதிதாகக் கட்டும் விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, 6 பேருக்கு ஒரு கழிவறை. பழைய விடுதிகளுக்கோ 2027 முதல் 2030-க்குள் ஓரளவு மாறினால் போதும் என்று அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை பழைய விடுதியில் இருப்பவர் பழைய அறையில்தான் படுத்துத் தூங்க வேண்டும். இவ்வளவு அவகாசம் எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை.