சத்திரக்காரனிடம் ஒப்படைத்த சமாரியன்

நோயாளியின் கட்டிலருகே பல இரவுகள் கண்விழித்திருக்கும் தாயையும் மகளையும் எங்கள் வார்டுகளில் நாள்தோறும் காண்கிறோம். "சற்று உறங்குங்கள்" என்றால், "இவரை விட்டுவிட்டு எப்படி உறங்குவது?" என்று கேட்கிறார்கள். ஓய்வெடுப்பது அன்பில் குறைவுபடுவது என்று அஞ்சுகிறார்கள்.

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் இயேசு கூறிய நல்ல சமாரியன் உவமையை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். எரிகோவுக்குச் செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனின் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். சத்திரத்துக்குக் கொண்டுசென்று பராமரித்தான். இதுவரை அனைவரும் அறிவர். மறுநாள் அவன் செய்ததைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஒரு கூலியாளின் இரண்டு நாள் ஊதியத்துக்கு ஈடான இரண்டு வெள்ளிக்காசுகளைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, பொறுப்பை ஒப்படைத்து, திரும்பி வருவதாகச் சொல்லிப் புறப்பட்டான். அதனால் அவனுடைய இரக்கம் குறைந்ததாக இயேசு கூறவில்லை. அவ்வாறே செய்யும்படிதான் பணித்தார்.

எல்லாவற்றையும் நம் ஒருவரால் செய்ய இயலாது என்று ஒப்புக்கொள்வது தாழ்மை. பிறரிடம் பொறுப்பைப் பகிர்வதும் அன்பே. உறக்கமிழந்தவருக்குப் பொறுமை குறையும். மருந்தின் அளவும் தவறக்கூடும்.

ஆகவே, இரவில் துணையிருப்பதை உறவினரோடு முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். தனியாக இருப்பவர்கள் தங்கள் சோர்வைச் செவிலியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில மணி நேரமாவது சத்திரக்காரராய் இருக்க எங்களை அனுமதியுங்கள்.