சித்திரத்துக்குத் தனிப்பாதை

வீட்டுக் கம்ப்யூட்டர்களின் வேகம் சென்ற முப்பது, நாற்பது ஆண்டுகளில் பன்மடங்கு பெருகியதற்குப் பிராசஸர் ஒன்றே காரணம் என்றும், படம் காட்டும் வேலைக்கென்று மதர்போர்டில் தனி வாயில் வகுத்தது விளையாட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்குக்காகவும் வியாபாரிகளின் லாபத்துக்காகவும் ஏற்பட்ட ஆடம்பரமே என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றி நிற்கிறது. திருவண்ணாமலையை அடுத்த எங்கள் வேங்கிக்காலில், கல்லூரியில் சேரும் பிள்ளையை அழைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் வாங்க வருகிற தகப்பனார், "பிராசஸர் என்னங்க?" என்ற ஒரே கேள்வியோடு தம் விசாரணையை முடித்துக்கொள்வதையும், "மத்ததெல்லாம் ஆன்போர்டிலேயே வந்துடும் சார், அது போதும்" என்று கடைக்காரர் சமாதானம் சொல்லி அனுப்புவதையும் நெடுங்காலமாகக் கண்டுவருகிறேன். அரும்பாடுபட்டுச் சேர்த்த பணம் அரைகுறை ஞானத்தின்பேரில் செலவாவதைப் பார்த்துச் சும்மா இருக்க மனம் ஒப்பாமையால் இந்த மறுப்பை எழுதத் துணிந்தேன்.

மறுக்கப் புகுவோன் எதிரியின் கட்சியை அதற்குரிய முழு வலிமையோடு முதலில் எடுத்துரைக்க வேண்டும் என்பது நம் சைவ ஆசிரியர்கள் வகுத்த நெறி; அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரில் பரபக்கத்தை முன்வைத்துச் சுபக்கத்தைப் பின்வைத்தது அந்த முறைபற்றியே. ஆகவே எதிர்க்கட்சியாரின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கொள்ளத் தக்கதைக் கொண்டு, தள்ளத் தக்கதைத் தள்ளிச் செல்வேன்.

முதலாவது வாதம், கணக்குப் போடுவது பிராசஸர்தான், ஆதலால் அதன் வேகமே கம்ப்யூட்டரின் வேகம் என்பது. கணக்கின் விடை திரைக்கு வந்து சேர்ந்தாலன்றி நம் கண்ணுக்கு அதனால் பிரயோஜனமில்லை என்பதை இவ்வாதம் மறந்துவிடுகிறது. ஐ.பி.எம். கம்பெனி 1984இல் வெளியிட்ட ஏ.டி. ரகத்தோடு வந்து, பிற்பாடு ஐ.எஸ்.ஏ. என்று பெயர் பெற்ற 16 பிட் பாதை, 8 மெகாஹெர்ட்ஸ் அளவிலேயே நிலைத்துவிட்டது. எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும் வினாடிக்கு 16 எம்.பி.க்கு மேல் அதில் செல்லாது. 1992இல் பிராசஸர் 66 மெகாஹெர்ட்ஸை எட்டிவிட்டது. ஆனால் திரைக்குரிய கார்டு அதே பழைய பாதையின் முனையில் காத்துக் கிடந்தது. அந்நாளில் விண்டோஸில் ஒரு ஜன்னலைப் பிடித்து இழுத்தால், அது துண்டு துண்டாக அழிந்து துண்டு துண்டாகத் தோன்றியதைப் பார்த்தவர்களுக்கு, தாமதம் கணக்கில் அன்று, வழியிலேயே இருந்தது என்பது விளங்கும்.

இதற்கு இரண்டு பரிகாரங்கள் தோன்றின. கட்டம் வரைதல், பரப்பை நிரப்புதல், படத்தை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு நகர்த்துதல் ஆகிய வேலைகளைக் கார்டே செய்துகொள்ளும்படி, எஸ்3 கம்பெனி 1991இல் தனது 86சி911 சில்லை வெளியிட்டது ஒன்று. 1992இல், திரைக்குரிய தரங்களை வகுக்கும் வெசா அமைப்பார், கார்டை 486 பிராசஸரின் சொந்தப் பாதையிலேயே இணைத்து, 32 பிட் அகலமும் 33 மெகாஹெர்ட்ஸ் வேகமும் தந்து, வினாடிக்குச் சுமார் 133 எம்.பி.யை ஏட்டளவிலேனும் சாத்தியமாக்கியது மற்றொன்று. பிராசஸரையும் நினைவகத்தையும் மாற்றாமல், கார்டையும் அதன் வழியையும் மட்டும் மாற்றிய மாத்திரத்தில் திரை சுறுசுறுப்படைந்தது என்றால், பிராசஸர் ஒன்றே காரணம் என்ற வாதம் அந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

இரண்டாவது வாதம் இதைவிட நுட்பமானது. பி.சி.ஐ. என்ற புதிய பாதை வந்தபின் வினாடிக்கு 133 எம்.பி. எல்லாக் கார்டுகளுக்குமே கிடைத்துவிட்டதே, அதற்குமேல் ஏ.ஜி.பி. என்ற தனி வாயில் எதற்கு என்று கேட்கிறார்கள். அந்த 133 எம்.பி. கார்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்ததன்று. ஹார்டு டிஸ்க், சவுண்டு கார்டு, நெட்வொர்க் கார்டு, படக் கார்டு அனைத்தும் கூடிப் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய பொதுச் சொத்து. பௌர்ணமி இரவில் எங்கள் ஊரைச் சுற்றி நடப்பவர்களும் வெளியூர்ப் பேருந்துகளும் ஒரே சாலையில் கலந்தால் இருவருமே நகர முடியாது என்பதனால்தான், பேருந்துகளை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிறுத்திவிட்டுக் கிரிவலப் பாதையை நடப்பவர்களுக்கென்று ஒதுக்குகிறார்கள். அவ்வாறு ஒதுக்குவதனால் நடப்பவர்களுக்கு மாத்திரமின்றிப் பேருந்துகளுக்கும் நன்மையே விளைகிறது.

இன்டெல் கம்பெனி 1996இல் வரையறுத்து, 1997இல் 440எல்.எக்ஸ். சிப்செட்டோடு நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏ.ஜி.பி. செய்தது இதுவே. பழைய கேபினட் ஒன்றைத் திறந்து பார்ப்பவர்கள், வெள்ளை நிறப் பி.சி.ஐ. ஸ்லாட்டுகள் வரிசையாக நிற்க, அவற்றினின்று சற்றே உள்வாங்கி, பிராசஸருக்கு அருகில் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் ஒரு ஸ்லாட் தனித்து அமைந்திருப்பதைக் காணலாம். அதில் செருகும் கார்டுக்குப் பங்காளிகள் இல்லை. நினைவகத்தை ஆளும் சில்லோடு அதற்கு நேரான தொடர்பு உண்டு. பாதையின் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸாக உயர்ந்ததனால் முதல் நிலையில் 266 எம்.பி.யும், ஒவ்வொரு துடிப்பின் இரு விளிம்புகளிலும் தரவு அனுப்பிய இரண்டாம் நிலையில் 533 எம்.பி.யும் கிடைத்தன. 1998இல் வரையறுக்கப்பட்ட நான்காம் நிலை வினாடிக்கு ஒரு ஜி.பி.யையும், 2002இல் வரையறுக்கப்பட்ட எட்டாம் நிலை இரண்டு ஜி.பி.யையும் தாண்டின. ஒரு வேண்டுகோளுக்கு விடை வருமுன்பே அடுத்தடுத்த வேண்டுகோள்களை வரிசையாக அனுப்பிவைக்கும் ஏற்பாடும், முகவரிகளை மட்டும் சுமந்து செல்லும் எட்டுத் தனிக் கம்பிகளும் அதில் அமைந்தன. நான்காம் நிலைக்கும் எட்டாம் நிலைக்கும் இடையே பெரும்பாலான உபயோகங்களில் வித்தியாசம் சொற்பமே என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது, தேவைக்கு மேல் அகலமான பாதையால் மேற்கொண்டு லாபமில்லை என்பதற்குத்தான் சாட்சியாகுமே தவிர, தனிப்பாதையே வேண்டியதில்லை என்பதற்கு ஆகாது.

மூன்றாவது வாதம், ஏ.ஜி.பி. தன் பிரதான நோக்கத்திலேயே தோற்றது என்பது. படங்களின் மேற்பூச்சுச் சித்திரங்களைக் கம்ப்யூட்டரின் பொது நினைவகத்தில் வைத்து, ஏ.ஜி.பி. வழியே வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு இன்டெல் கம்பெனியே 1998இல் வெளியிட்ட ஐ740 சில், தனக்கென்று நினைவகம் வைத்திருந்த போட்டிக் கார்டுகளுக்குப் பின்தங்கிச் சந்தையை விட்டு மறைந்தது உண்மை. அன்றைய 100 மெகாஹெர்ட்ஸ் நினைவகம் வினாடிக்கு 800 எம்.பி. மட்டுமே தர வல்லது. அதிலும் பிராசஸருக்குப் போக மிஞ்சியதே கார்டுக்குக் கிட்டியது. இந்த வாதத்தை நான் முழுவதும் ஏற்கிறேன். ஆனால் எதிர்க்கட்சியார் இதிலிருந்து எடுக்கும் முடிவை ஏற்கவில்லை. சித்திரத்துக்கு ஏற்பட்ட ஒரு வசதியைப் பிராசஸரோடு மறுபடியும் பங்குபோட முயன்ற இடத்தில்தான் தோல்வி நேர்ந்தது. தனி நினைவகத்தையும் தனிப்பாதையையும் சேர்த்துக் கொண்ட கார்டுகள் வெற்றி பெற்றன. 1999இல் வந்த ஜீஃபோர்ஸ் 256, உருவங்களின் இடமாற்றக் கணக்கையும் ஒளிக்கணக்கையும் பிராசஸரிடமிருந்து தானே வாங்கிக்கொண்டது. அக்கணக்குக்கு வேண்டிய தரவு தடையின்றி வந்து சேரும் அகன்ற வழி இல்லையேல், அந்தச் சாமர்த்தியம் பயன்படாமலே போயிருக்கும்.

நான்காவது வாதமே என்னை அதிகம் வருத்துவது: இவையெல்லாம் விளையாட்டுக்குத்தான், உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு எதற்கு என்பது. தமிழில் படித்து எழுதுகிறவர்கள் இதைச் சொல்லவே கூடாது. பழைய டாஸ் திரையில் 80 எழுத்து அகலமும் 25 வரி உயரமும் கொண்ட ஓர் ஆங்கிலப் பக்கத்துக்கு 4,000 பைட்டுகள் போதும். எழுத்தின் வடிவம் கார்டுக்குள்ளேயே பதிந்திருந்தது. அந்தப் பதிவில் நம் அகரமும் இல்லை, ழகரமும் இல்லை. தமிழைத் திரையில் காட்ட வேண்டுமாயின் எழுத்தைச் சித்திரமாக வரைந்தாக வேண்டும். அவ்வாறு வரைய, 640 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமும் 16 நிறங்களும் உள்ள திரைக்கு 1,53,600 பைட்டுகள், அதாவது முப்பத்தெட்டு மடங்குச் சுமை ஏற்படுகிறது. புனேயிலுள்ள சி-டாக் நிறுவனம் வெளியிட்ட ஜிஸ்ட் கார்டு, ஆங்கிலத்துக்கென்றே எழுதப்பட்ட டாஸ் புரோகிராம்களில் தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துக்களைத் தோன்றச் செய்தது, மதர்போர்டு ஸ்லாட்டில் செருகிய தனிக் கார்டின் வாயிலாகத்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், சித்திர வழி நம் மொழிக்கு உயிர்நாடியாக இருந்தது புலப்படும்.

வீ.சி.டி.யில் படம் பார்த்த காலத்தையும் எண்ணுங்கள். அந்தத் தட்டிலுள்ள படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள். வினாடிக்கு 25 படங்கள். அதனைப் பிராசஸரே நிறம் மாற்றி, 640க்கு 480 என்ற முழுத்திரைக்குப் பெரிதாக்கி அனுப்பினால், புள்ளிக்கு இரண்டு பைட்டாக வினாடிக்குப் பதினைந்து எம்.பி.க்கு மேல் செல்ல வேண்டும், ஐ.எஸ்.ஏ. பாதை அதோடு மூச்சுத் திணறிவிடும். பெரிதாக்குவதையும் நிறம் மாற்றுவதையும் கார்டு ஏற்றுக்கொண்டால் ஐந்து எம்.பி. போதும்; பிராசஸருக்கும் ஓய்வு கிடைக்கும்.

கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்து ஜீவனம் நடத்தும் ஸ்டூடியோக்காரருக்கோ இது வயிற்றுப்பாட்டு விஷயம். 440பி.எக்ஸ். ரக மதர்போர்டில், டிஜிட்டல் வீடியோ கேமராவின் டேப்பிலிருந்து ஃபயர்வயர் கார்டு வழியே வினாடிக்கு மூன்றரை எம்.பி.க்கு மேல் உள்ளே வந்து, மறுபடியும் ஹார்டு டிஸ்க்குக்குச் செல்லும். இரண்டு பயணமும் பி.சி.ஐ. பாதையிலேயே. 720க்கு 576 புள்ளிகளில் முழு நிறத்தோடு திரையில் ஓடும் படம் வினாடிக்கு 41 எம்.பி. கேட்கும். அதுவும் அந்தப் பாதையிலேயே நெருக்கினால், கூட்டுத்தொகை 133ஐ எட்டாதபோதும், ஒருவர்க்கொருவர் காத்திருக்கும் கணங்களில் ஃபிரேம் டிராப் ஆவதற்கு இடமுண்டு. அவ்வாறு ஆகிவிட்டால், ஒரு மணி நேர டேப்பை மறுபடியும் ஒரு மணி நேரம் ஓட்டித்தான் தீர வேண்டும். படம் ஏ.ஜி.பி. வழியே பிரிந்து போனபின், பி.சி.ஐ. பாதை டேப்புக்கும் டிஸ்க்குக்கும் தாராளமாகக் கிடைத்தது. வேலை நேரத்தில் முடிந்து கூலி கைக்கு வருவதை விளையாட்டு என்று யார் சொல்வார்?

ஐந்தாவது வாதம், ஆன்போர்டே போதுமென்பது. 1999இல் வந்த இன்டெல் 810 சிப்செட், ஏ.ஜி.பி. ஸ்லாட் இல்லாமலே கிராபிக்ஸைத் தன்னுள் அடக்கியது. கம்ப்யூட்டரின் விலை குறைந்ததனால் பல வீடுகளுக்கு அது உபகாரமாகவே இருந்தது. அதன் விலையைச் சொன்னவர்கள் அதன் செலவைச் சொல்லவில்லை. 1024க்கு 768 புள்ளிகளில், புள்ளிக்கு மூன்று பைட்டாக, வினாடிக்கு 85 முறை பழைய குழாய்த் திரையைப் புதுப்பிக்க மட்டும் பொது நினைவகத்திலிருந்து 200 எம்.பி. படித்தாக வேண்டும், அது 800 எம்.பி.யில் கால் பங்கு. வேலை எதுவும் செய்யாமல் திரையை வெறுமனே காட்டிக்கொண்டிருப்பதற்கே பிராசஸரின் பங்கில் கால்வாசி போய்விட்டது. அந்த வீடுகளில் வேகமான பிராசஸர் வாங்கியவர்கள்கூட மந்தமான கம்ப்யூட்டரோடு மாரடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2011 முதல் இன்டெல் பிராசஸர்களில் கணக்கும் சித்திரமும் ஒரே சில்லுக்குள் உள்வழியொன்றால் இணைந்து குடியிருக்கின்றன. சாதாரண எழுத்து வேலைக்கும் படிப்புக்கும் அது போதுமென்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அதுவும் தனிவழியின் தோல்வியன்று. சித்திரம் பிராசஸரை அண்டி வர வேண்டும் என்று ஏ.ஜி.பி. தொடங்கிய பிரயாணம் அங்கே முடிந்தது என்பதே உண்மை. இன்னொரு புறத்தில், 2004இல் ஏ.ஜி.பி.க்குப் பதிலாக வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ், ஒரு கார்டுக்கு ஒரு பாதை என்ற தத்துவத்தைப் படத்தோடு நிறுத்தாமல், நெட்வொர்க், டிஸ்க் ஆகிய ஒவ்வொன்றுக்கும் விரிவுபடுத்திற்று. பதினாறு தடங்களோடு திரைக் கார்டுக்கு அன்றே ஒவ்வொரு திசையிலும் நான்கு ஜி.பி. அளித்தது. ஆடம்பரம் என்று இகழப்பட்ட ஓர் ஏற்பாட்டின் தத்துவமே பிற்காலத்தில் முழு இயந்திரத்துக்கும் பொது விதியாயிற்றென்றால், அதன் அவசியத்துக்கு வேறு நிரூபணம் வேண்டுவதில்லை.

ஆகவே, பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். பிராசஸர் எது என்று கேளுங்கள். ஆனால் அதோடு நிற்காதீர்கள். படத்துக்குத் தனி நினைவகம் உண்டா, அல்லது பொது நினைவகத்தில் பங்கா என்று கேளுங்கள். பங்குதான் என்றால், நினைவகம் ஒரே ஸ்டிக்காக இருக்கிறதா, இரண்டு ஸ்டிக்காக இருக்கிறதா என்றும் கேளுங்கள். டி.டி.ஆர்.4-3200 ரகத்தில் ஒரு ஸ்டிக் வினாடிக்கு 25.6 ஜி.பி. வழியைத் திறக்கிறது, அதே மொத்த அளவை இரண்டு ஸ்டிக்காகப் பிரித்து இரு சேனல்களில் பொருத்தினால் 51.2 ஜி.பி. கிடைக்கிறது. மிக அற்பமான கூடுதல் செலவில், சில சமயம் கூடுதல் செலவே இல்லாமல், சித்திரத்தின் வழி இரட்டிப்பாகிவிடும். வலிமையை மட்டும் விலை கொடுத்து வாங்கி வழியை மறந்துவிடுவது விவேகமன்று. இரண்டையும் விசாரித்து வாங்குகிறவர் தாம் கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் உரிய பலனைப் பெறுவார்.