விளையாட்டு உலகம்: கடைசியில் நிற்பவனுக்கு முதல் தெரிவு

போட்டியில் வென்றவனுக்கு மாலையும் தோற்றவனுக்கு ஆறுதல் மொழியும் கிடைப்பதே உலக வழக்கு. தோற்றுத் தோற்றுக் கடைசி இடத்தில் நிற்கும் கழகத்தை அழைத்து, "நாட்டிலுள்ள இளம் வீரருள் மிகச் சிறந்தவன் எவனோ, அவனை முதலில் நீயே எடுத்துக்கொள்" என்று சொல்லும் விளையாட்டும் உண்டு. அவுஸ்திரேலியரின் உதைபந்தாட்டமே அது.

நாம் நம் ஊர்த் திடல்களிற் காணும் உதைபந்தாட்டம் அன்று இது. களமும் நீள்வட்டம், பந்தும் நீள்வட்டம். பக்கத்துக்கு 18 பேர் களத்தில் நிற்பர். காலால் உதைக்கலாம்; கையாற் குத்தியும் பந்தைக் கொடுக்கலாம்; ஒருவன் முதுகின் மேலேறி ஆகாயத்திலேயே பந்தைப் பிடிப்பதுந்தான் இந்த ஆட்டத்தின் அழகு என்பர். மெல்பேண் நகரில் உறவினரை உடைய நம் வாசகர்கள் இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆட்டத்தின் நுட்பங்களை இன்னொரு வாரம் பார்ப்போம். இன்று நாம் எடுத்துக்கொண்டது ஆடுகளத்துக்கு வெளியே, கணக்கேட்டின் மேல் நடக்கும் ஆட்டத்தை.

இன்று 18 கழகங்கள் மோதும் இப்போட்டியை நடத்துவோர், கழகங்களை இரண்டு கயிறுகளாற் கட்டி வைத்திருக்கின்றனர். ஒன்று சம்பள உச்சவரம்பு. ஒரு கழகம் தன் வீரர் அனைவருக்குமாக ஓராண்டிற் கொடுக்கத்தக்க மொத்தப் பணத்துக்கு இட்ட எல்லை அது. மற்றது 'டிராஃப்ட்' என்னும் தெரிவு முறை, அமெரிக்கரிடம் கற்றுக்கொண்டது. பள்ளிப் படிப்பை முடிக்கும் பருவத்து இளைஞர்களை ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் கழகங்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். கடைசியாக வந்த கழகத்துக்கு முதல் உரிமை; வெற்றிக் கிண்ணம் பெற்ற கழகம் இறுதிவரை காத்திருக்க வேண்டும். இந்தத் தெரிவுரிமை காணி உறுதியைப் போலக் கைமாறத்தக்கது. ஒரு வீரனைக் கொடுத்து இரண்டு தெரிவுகளை வாங்கலாம்; வருங்கால ஆண்டொன்றின் உரிமையை இன்றே விற்றுவிடவும் செய்யலாம்.

பணத்துக்கு வரம்பு கட்டும் எண்ணம் புதியதன்று. 1930ஆம் ஆண்டிலேயே, ஓர் ஆட்டத்துக்கு ஒரு வீரனுக்கு 3 பவுணுக்கு மேற் கொடுக்கலாகாது என்று விக்டோரியா லீக் விதித்தது. விதித்தவுடன் ஓட்டையும் பிறந்தது! மளிகைக் கடைகள் பல வைத்திருந்த செல்வர் ஒருவர் சவுத் மெல்பேண் கழகத்தின் தலைவராக இருந்தார். வெளிமாநில வீரர்களுக்குத் தம் கடைகளில் அவர் வேலை கொடுத்தார். 1933இல் அக்கழகம் கிண்ணத்தையும் கைப்பற்றியது. சம்பளம் ஆட்டத்துக்கோ அரிசி நிறுப்பதற்கோ என்று யார் கேட்பது?

1980களில் நிலைமை முற்றிப் போயிற்று. வீரருக்காக ஒருவரோடொருவர் விலை ஏற்றிக் கழகங்கள் பல கடனில் மூழ்கின. 1982இல் அதே சவுத் மெல்பேண் தன் ஊரை விட்டுச் சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. இந்த நெருக்கடியிலேதான் 1986இல் முதல் தெரிவு நடந்தது. 1987இல் ஒரு கழகத்துக்கு 12½ இலட்சம் டொலர் என உச்சவரம்பும் வந்தது. இன்று அவ்வரம்பு ஒன்றரைக் கோடி டொலருக்கும் மேல். உச்சத்துக்கு மட்டுமன்றி அடிக்கும் ஒரு கோடு உண்டு. வரம்பில் நூற்றுக்கு 90 வீதமாவது செலவிட வேண்டும் என்று தொடங்கி, பின்னர் அதனை 95 வீதமாக்கினர்.

அந்த அடிக்கோடு ஏன் என்பதை ஃபிட்ஸ்றோய் கழகத்தின் முடிவு சொல்லும். எட்டு முறை கிண்ணம் வென்ற பழம்பெருங் கழகம் அது. செல்வர் கையைக் கட்டினால் ஏழைக்கு வாழ்வு வந்துவிடும் என்று எண்ணினார்கள். ஆனால் உச்சவரம்பு அளவுக்குக் கொடுக்கவே கையிற் பணம் இல்லாதவனுக்கு உச்சவரம்பால் என்ன பயன்? 1996 செப்டெம்பர் 1ஆம் நாள் பேர்த் நகரில் தன் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு அக்கழகம் பிறிஸ்பேனுடன் இணைந்து மறைந்தது. வானொலி, தொலைக்காட்சி உரிமையால் வரும் வருவாயை லீக் கழகங்களுக்குப் பகிர்ந்தளிப்பதே இன்று எளிய கழகங்களைத் தாங்கி நிற்கிறது என்பது என் கருத்து. உச்சவரம்பின் புகழைப் பாடுவோர் இதனைச் சொல்ல மறந்து விடுகின்றனர்.

இனி, கணக்கேட்டின் முன் அமரும் நிர்வாகியின் பாட்டைப் பார்ப்போம். ஒரே சம்பளத்தில் பெரிய குடும்பத்தை நடத்தும் இல்லத்தரசிக்கு அவருடைய கவலை நன்கு விளங்கும். ஏறத்தாழ 40 வீரர், தொகை ஒன்றே. மூத்த மகனுக்கு விலையுயர்ந்த சட்டை எடுத்தால் இளையவர் மூவருக்குப் பழையதுதான். போதாக்குறைக்கு, இங்கே சட்டையின் விலையை ஒன்பது ஆண்டுகளுக்கு முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டியும் வரலாம்.

மிகையாகச் சொல்லவில்லை. லான்ஸ் பிராங்ளின் என்னும் மாபெரும் வீரனை ஹோதோர்ன் கழகம் 2004ஆம் ஆண்டில் ஐந்தாம் தெரிவாக எடுத்தது. 2008இலும் 2013இலும் அக்கழகம் கிண்ணம் வெல்ல அவன் துணைநின்றான். 2013 முடிவில், ஒப்பந்தம் முடிந்த வீரன் தான் விரும்பும் கழகத்துக்குச் செல்லலாம் என்ற புது விதியின்படி, 26 வயதான அவனைச் சிட்னி தன்பால் இழுத்துக்கொண்டது. ஒன்பது ஆண்டு, ஒரு கோடி டொலர். அவன் இடையில் ஓய்வு பெற்றாலும் அத்தொகை சிட்னியின் வரம்புக்குள்ளேயே கணக்கிடப்படும் என்று லீக் அறிவித்துவிட்டது. சிட்னி 2012இல் கிண்ணம் வென்றபோது நடுக்களத்தில் உயர்ந்து நின்று பந்தைத் தட்டிக்கொடுத்த ஷேன் மம்போர்ட்டுக்கு உடனே இடமில்லாமற் போயிற்று. அவர் அதே நகரின் மற்றக் கழகத்துக்குப் போனார். மூன்று ஆண்டுகளின் பின் டொம் மிற்செல் என்ற இளைஞரும் ஹோதோர்னுக்குச் சென்று, 2018இல் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்குரிய பிரவுன்லோ பதக்கத்தையும் அங்கேயே வென்றார்.

பிராங்ளினை இழந்த ஹோதோர்ன் அழுது கிடந்ததா? 2014 இறுதியாட்டத்தில் அதே பிராங்ளினை எதிரணியில் வைத்துக்கொண்டு சிட்னியை 63 புள்ளிகளால் வென்றது, 2015இலும் வென்றது. சிட்னியோ 2014, 2016, 2022 ஆகிய மூன்று இறுதியாட்டங்களிலும் தோற்றது. அப்படியானால் சிட்னியின் கணக்குத் தவறா? உடனே ஆம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்துப் பருவங்கள் அவன் அங்கே ஆடினான். 2022 மார்ச் 25ஆம் நாள் தன் ஆயிரமாவது கோலை அவன் அடித்தபோது பார்வையாளர் ஆயிரக்கணக்கிற் களத்துக்குள் பாய்ந்தோடினர். வேறு வகை உதைபந்தாட்டத்தில் ஊறிய நகரம் அது. அந்நகரத்தின் மனத்தை வாங்க ஒரு கோடி அதிகமா, குறைவா என்பதை எந்தக் கணக்கேடும் காட்டாது.

ஜீலோங் கழகத்தார் வேறு வழி கண்டனர். ஒன்றாக ஆடும் விருப்பத்தாற் சிலர் வெளியிற் கிடைக்கும் தொகையிலுங் குறைவாகவே பெற்று அங்கே தங்கினர். 2007, 2009, 2011 என மும்முறை கிண்ணம் வந்தது. அவர்களுள் தலைசிறந்த கரி ஏபிளெற் 2010 முடிவிற் பெருந்தொகைக்குக் கோல்ட் கோஸ்ட் சென்றார். மறு ஆண்டுக் கிண்ணத்தை அவரில்லாமலே ஜீலோங் வென்றது.

வரம்பை மீறியவர் கதை கார்ல்டன் கழகத்தினுடையது. செல்வமும் செருக்கும் உடைய கழகம். வரம்புக்கு வெளியே சில வீரருக்கு மறைவாகப் பணம் கொடுத்தமை 2002இல் அம்பலமாயிற்று. அபராதம் 9 இலட்சம் டொலருக்கு மேல். பணம் போனால் வரும். போனது பணம் மட்டுமன்று. தன் வரலாற்றில் முதன்முறையாக அவ்வாண்டு கார்ல்டன் கடைசி இடத்துக்கு வந்திருந்தது. விதிப்படி நாட்டின் முதலிரு இளைஞரும் அதற்கே உரியவர். அவ்வாண்டுக்கும் அடுத்த ஆண்டுக்குமான உயர்ந்த தெரிவுகளை லீக் பறித்துக்கொண்டது. பிரெண்டன் கொடார்ட் சென்ட் கில்டாவுக்கும் டானியல் வெல்ஸ் நோர்த் மெல்பேணுக்கும் போயினர். 2009 வரை கார்ல்டன் இறுதிச் சுற்றுக்களையே எட்டிப் பார்க்கவில்லை. தவறு செய்தவர் நிர்வாகிகள்; ஏழு ஆண்டுகள் மழையிலும் குளிரிலும் நின்று தோல்வியைப் பார்த்தவரோ கழகத்தை நேசித்த சாதாரணக் குடும்பத்தார்.

கடைசிக்கு வருபவனுக்குப் பரிசு என்றால், வேண்டுமென்றே கடைசிக்கு வரமாட்டானா என்று மாணவ வாசகர் கேட்பர். அந்த ஐயம் எழாமலில்லை. ஒரு பருவத்தில் ஐந்து வெற்றிக்குக் குறைந்தால் மேலதிகத் தெரிவு ஒன்று கிடைக்கும் என்ற விதி இருந்த காலத்தில், 2009இல் மெல்பேண் கழகம் நான்கே ஆட்டங்களை வென்றது. நெடிய விசாரணையின் பின் 2013இல், கழகம் வேண்டுமென்று தோற்கவில்லை என்று கூறிய லீக், 5 இலட்சம் டொலர் அபராதமும் விதித்தது! இத்தீர்ப்பின் தருக்கம் எனக்கு இன்றும் விளங்கவில்லை. அந்த மேலதிகத் தெரிவு விதியை அதற்கு முந்திய ஆண்டே நீக்கிவிட்டார்கள். 2009இல் அக்கழகம் முதலாவதாக எடுத்த இளைஞரோ இரண்டே பருவங்களிற் புதிய சிட்னிக் கழகம் ஒன்றுக்குப் போய்விட்டார்.

தெரிவு என்பது இவ்வளவு நிச்சயமற்றது. 1990இல் எஸென்டன் 79ஆவதாக எடுத்த ஜேம்ஸ் ஹேர்ட், 1996இல் பிரவுன்லோ பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டார். 2000ஆம் ஆண்டு கிண்ணம் வென்ற அணிக்குத் தலைவருமானார். அவருக்கு முன் 78 பெயர்கள் அழைக்கப்பட்டிருந்தன.

இத்தனை கணக்கிலும் எண்ணாகி நிற்பவன் பதினெட்டு வயதுப் பிள்ளை. எந்த ஊர், எந்தக் கழகம் என்று தெரிந்தெடுக்கும் உரிமை அவனுக்கில்லை. மெல்பேணிற் பிறந்தவன் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பேர்த்துக்குப் போக நேரலாம். ஒரு தொழிலாளியை இப்படிக் கட்டலாமா என்று நீதிமன்றங்களும் கேட்டதுண்டு. பழைய எல்லை விதிகளை 1983இல் விக்டோரியா உச்ச நீதிமன்று செல்லாதென்றது; நியூ சவுத் வேல்ஸ் றக்பி லீக்கின் தெரிவு முறையை 1991இல் கூட்டாட்சி நீதிமன்று கவிழ்த்தது. அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தில் அது நிலைத்திருப்பதற்கு வீரர் சங்கத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையே பெருந்துணை.

மெல்பேண் இளைஞரான கிறிஸ் ஜட் 2001இல் பேர்த்துக்குப் போனார். 2006இல் அங்கே தலைவராக நின்று கிண்ணம் வென்றார். 2007 முடிவில் ஊர் திரும்பினார். எல்லாருக்கும் அவ்வளவு பொறுமை இருக்குமா? 2021இல் முதல் தெரிவாக நோர்த் மெல்பேண் எடுத்த ஜேசன் ஹோர்ன்-பிரான்சிஸ் அடிலெயிட் பகுதிப் பிள்ளை. ஒரே பருவம் ஆடினார். 2022 முடிவில் தன் ஊர்ப் பக்கத்துப் போர்ட் அடிலெயிட்டுக்குத் திரும்பிவிட்டார். பிள்ளையைக் குற்றஞ் சொன்னவர் பலர். பதினெட்டு வயதில் வீட்டைப் பிரிந்திருந்தவர்கள் அவ்வளவு விரைவிற் குற்றஞ் சொல்லார். நான்கு கழகங்கள் சேர்ந்த அந்தப் பரிமாற்றத்தில் நோர்த் மெல்பேணுக்கு உயர்ந்த தெரிவுகள் இரண்டு கிடைத்தன. அவற்றால் வந்தவர் ஹாரி ஷீசல், ஜோர்ஜ் வார்ட்லோ என்னும் இருவர். இருவரும் மெல்பேண் நகரத்துப் பிள்ளைகள். ஷீசல் 2023இல் அவ்வாண்டின் சிறந்த இளம் வீரருக்கான விருதைப் பெற்றார்.