எண்ணப்படாத தண்ணீர்

தியாகராய நகரில் நல்ல மழை பெய்தால் நீர் தேங்கிவிடும் சுரங்கப்பாதையின் பெயராக மட்டுமே நம்மில் பெரும்பாலோருக்கு அறிமுகமான மேட்லி என்பவர், சென்னை மாநகரத்துக்கு வடிகட்டிய குடிநீரைக் கொண்டுவரத் திட்டம் வகுத்த பொறியாளர்; 1914-ல் இயங்கத் தொடங்கிய கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் அந்தத் திட்டத்தின் பலன். அதே நிலையத்துக்கு 2019 ஜூலையில், பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் ஆகிய ஏரிகள் ஏறக்குறைய வறண்டுபோயிருந்த நாட்களில், ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்கள் கோத்த ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்தில் வந்திறங்கிக் குழாய் வழியே போய்ச் சேர்ந்ததைக் கண்ட பிறகுதான், தண்ணீரை லிட்டர் லிட்டராகக் கணக்குப் பார்க்க வேண்டும் என்ற புத்தி மயிலாப்பூர், அடையாறு அடுக்ககவாசிகளில் பலருக்கும் உண்டாயிற்று.

மந்தைவெளியில் எனக்குப் பரிச்சயமான ஓர் அடுக்ககத்தில் மெட்ரோ வாட்டர், போர்வெல், லாரித் தண்ணீர் ஆகிய மூன்றும் சம்ப்புக்குள் இறங்குகின்றன. மோட்டார்களை ஓட்டவும் நிறுத்தவும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கருவி ஏற்கெனவே இருந்தபடியால், குழாய்க்கு ஒன்றாக மீட்டர் வைத்து, அவற்றின் பல்ஸ் வயர்களை அந்தக் கருவியில் சேர்த்துவிட்டால் கணக்குத் தானே வந்துவிடும் என்று அசோசியேஷன் கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. வயர்கள் சேர்க்கப்பட்டன, ஆனால் மீட்டரின் முகப்பு காட்டிய எண்ணும் பி.எல்.சி. பேனலில் தெரிந்த எண்ணும் ஒன்றுக்கொன்று சம்பந்தமற்றவையாக இருந்தன. மீட்டர் விற்றவர் வந்து பார்த்து மீட்டர் நிர்த்தோஷமானது என்றார், பி.எல்.சி. விற்றவர் வந்து பார்த்துத் தம்முடையதும் அப்படியே என்றார். இருவர் சொன்னதும் மெய்தான் என்பதே இந்த விவகாரத்தின் விசேஷம். கோளாறு இரண்டும் சந்திக்கும் இடத்தில், எவருடைய பொறுப்பிலும் சேராத அந்த இணைப்பில் இருந்தது.

பல்ஸ் தரும் சாதாரண யந்திர மீட்டரின் முகப்பில் சுழலும் முள்ளொன்றில் சிறு காந்தம் இருக்கும். அதன் அருகே கண்ணாடிக் குழலுக்குள் அடைத்த இரண்டு மெல்லிய உலோக நாக்குகள், காந்தம் நெருங்குகையில் ஒட்டி, அகல்கையில் பிரியும். ரீட் சுவிட்ச் எனப்படும் இதை 1936-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எல்வுட் என்பவர் கண்டுபிடித்தார். நாக்குகள் ஒரு முறை ஒட்டிப் பிரிந்தால் ஒரு துடிப்பு, அதாவது பல்ஸ். ஒரு லிட்டருக்கு ஒரு துடிப்பு என்று வைத்துக்கொண்டால், 9,000 லிட்டர் லாரி கால் மணி நேரத்தில் காலியாகும்போது விநாடிக்குப் பத்துத் துடிப்புகள் வரும். பி.எல்.சி.யோ இடையறாது விழித்துப் பார்ப்பதன்று. இரவில் விசில் ஊதிக்கொண்டு தெருவைச் சுற்றிவரும் கூர்க்காவைப் போல, உள்ளே வரும் சமிக்ஞைகளை ஒரு முறை பார்த்து, ப்ரோகிராமை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிறைவேற்றி, வெளியே ஆணைகளைப் பிறப்பித்துவிட்டு மறுபடியும் பார்க்க வருகிறது. ஒரு சுற்றுக்குப் பத்து, இருபது மில்லி விநாடி ஆகலாம். அந்த இடைவெளிக்குள் தோன்றி மறைந்த துடிப்பு அதன் வரையில் நிகழவே இல்லை.

விநாடிக்குப் பத்து என்றால் கவலையில்லை. லிட்டருக்கு நூறு துடிப்பு தரும்படி அமைத்த மின்காந்த மீட்டரானால் அதே லாரிக்கு விநாடிக்கு ஆயிரம் வரும். அவற்றைச் சுற்றுக் கணக்குக்குக் காத்திராமல் தனியே எண்ணும் அதிவேக கவுண்டர் உள்ளீட்டில்தான் சேர்க்க வேண்டும். (காந்தப் புலத்தின் ஊடே ஓடும் நீரில் மின்னழுத்தம் பிறக்கும் என்ற தத்துவத்தைக் கொண்டு 1832-ல் ஃபாரடே லண்டன் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் நதிக்குள் உலோகத் தகடுகளை இறக்கிப் பார்த்துத் தோற்றுப்போனார், அந்தத் தோல்வியின் வாரிசுதான் இந்த மீட்டர்.) அப்படியானால் எல்லாவற்றையும் அதிவேக உள்ளீட்டிலேயே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சூக்ஷ்மம் இருக்கிறது. ரீட் சுவிட்சின் நாக்குகள் ஒரே தடவையில் ஒட்டுவதில்லை. மோதி, அதிர்ந்து, விலகி, மறுபடி ஒட்டி, ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி தடுமாறிய பிறகே நிலைக்கின்றன. அதிவேக கவுண்டர் அந்த ஒவ்வொரு அதிர்வையும் ஒரு லிட்டராக எழுதிவைக்கும். இதைத் தடுக்கச் சில மில்லி விநாடிக்கும் குறைவான சமிக்ஞைகளைப் புறக்கணிக்கும் வடிகட்டியை வைத்தால் ரீட் சுவிட்சின் கணக்கு நேராகும். அதே வடிகட்டி மின்காந்த மீட்டரின் உள்ளீட்டில் இருந்தால் தண்ணீர் பெருக்கெடுத்து ஓடுகையில் பேனல் சூனியத்தைக் காட்டும்.

வயரிங் விஷயத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. என்.பி.என். வகை வெளியீடு பூஜ்ய வோல்ட்டோடும், பி.என்.பி. வகை 24 வோல்ட்டோடும் சேர்ப்பவை. உள்ளீடு அதற்கு இசைந்ததாக இல்லாவிட்டால் அந்த உள்ளீட்டின் அடையாள விளக்கே எரியாது. மோட்டார் கேபிள் போகும் பைப்பிலேயே பல்ஸ் வயரையும் நுழைத்தால், வால்வு மூடியிருக்கும்போதே மோட்டார் கிளம்பும் க்ஷணத்தில் தண்ணீர் வந்ததாக எண்ணிக்கை ஏறும்; ஆகையால் தனி வழி, உறையிட்ட கேபிள், அந்த உறைக்கு ஒரே முனையில் எர்த்.

அந்த அடுக்ககத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. மூன்று லாரி வரை ஒழுங்காக ஏறிய கணக்கு நான்காவது லாரியில் கடன்பட்டவன் கணக்காகி எதிர்மறையில் இறங்கிற்று. பி.எல்.சி.யின் நினைவகத்தில் எண்ணிக்கையை வைத்த இடம் 32,767-க்கு மேல் கொள்ளாதது; தாண்டினால் எதிர்மறைக்குத் தாவிவிடும். நான்கு லாரி 36,000. இரட்டிப்பு இடம் ஒதுக்கி, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் வைத்ததும் அது சரியாயிற்று. ஆயினும் மின்சாரம் நின்ற நேரத்தில் லாரி இறக்கும் தண்ணீரைப் பி.எல்.சி. எண்ணாது, மீட்டரின் பல்சக்கரம் எண்ணும். ஆகவே, பேனலில் எத்தனை அழகான திரை இருந்தாலும், லாரி வந்து போகும்போதெல்லாம் வாட்ச்மேன் மீட்டர் முகப்பின் எண்ணையும் பக்கத்தில் பேனல் எண்ணையும் நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். அவர்கள் அப்படியே செய்கிறார்கள்.

இப்போது இரண்டு எண்களும் ஒத்துப்போகின்றன. லாரிக்காரர்தான் ஒத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் இரண்டுமே சில நாட்களில் லாரியின் கொள்ளளவைத் தாண்டிவிடுகின்றன. லாரி காலியாகும் தறுவாயில் குழாயில் நீரோடு காற்றும் கலந்து வந்து மீட்டரைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியையும் ரீட் சுவிட்ச் விசுவாசத்தோடு அறிவிக்கிறது, பி.எல்.சி. பிசகாமல் எண்ணுகிறது. மீட்டரைக் குழாயின் தாழ்ந்த வளைவில், எந்நேரமும் நீர் நிறைந்திருக்கும்படி மாற்றிவைக்க வேண்டும். அதற்குப் பிளம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.