பால் போதவில்லையா?

பச்சைக் குழந்தை உள்ள வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் யோசனைக்கு மட்டும் பஞ்சம் வருவதில்லை. பாட்டி பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுக்கச் சொல்கிறாள். அத்தை சுறாப்புட்டு என்கிறாள். அடுத்த வீட்டு அம்மாளோ, "பேசாமல் புட்டிப் பாலைக் கொடுத்து விடு, நிம்மதி!" என்று தீர்ப்பே சொல்லி விடுகிறாள். இவர்களில் குழந்தை பால் குடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் யார் என்று விசாரித்தால், அநேகமாக ஒருவரும் இருப்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். நான்காம் நாளே முலைக்காம்பு வெடித்து விட்டது. குழந்தை இரவெல்லாம் அழுதது. "பால் போதவில்லை" என்று வீடு முழுவதும் ஏகமனதாக முடிவு செய்தது. பால் மாவு டின்னும் வந்தது. பத்தாம் நாள் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர் வந்தார். மருந்தோ பத்தியமோ அவர் சொல்லவில்லை. "குழந்தைக்குப் பால் கொடு, அம்மா, பார்க்கிறேன்" என்றார். குழந்தை காம்பின் நுனியை மட்டும் பற்றிக் கொண்டிருந்தது. அதன் வயிறு தாயின் வயிற்றோடு படியுமாறு திருப்பி, வாய் அகலத் திறக்கும் வரை காத்திருந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகும்படி அணைக்கச் செய்தார். வலி குறைந்தது. பிறகு குழந்தையின் எடையைப் பார்த்துப் பார்த்து, டின் பாலைச் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள்.

இதன் காரணம் எளிது. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் சுரக்கும். டின் பால் வயிற்றை நிரப்பினால் உறிஞ்சுவது குறையும், சுரப்பும் குறையும். "போதவில்லை" என்ற பொய்த் தீர்ப்பு, பத்து நாளில் மெய்யாகி விடும்!

ஆகையால் உதவிக்கு ஆள் தேடுவது நல்லதே. ஆனால் பெயர்ப் பலகை மாட்டுவது யாருக்கும் எளிது. தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலாவது, படிப்பு. தாய்ப்பால் ஆலோசகர்களுக்கென்று 1985-ஆம் வருஷம் முதல் சர்வதேசப் பரீட்சை ஒன்று நடந்து வருகிறது. தேறியவர்கள் பெயருக்குப் பின் ஐ.பி.சி.எல்.சி. என்று போட்டுக் கொள்கிறார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். எனவே, பட்டம் இன்றும் செல்லுமா என்று கேளுங்கள். இத்தகையோர் எல்லா ஊர்களிலும் இருக்கமாட்டார்கள். நர்ஸுகளுக்கும் கிராம சுகாதார ஊழியர்களுக்கும் இவ்விஷயத்தில் பயிற்சி அளிக்க மத்திய சர்க்கார் 2016-இல் 'மா' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. அவ்விதம் பயின்றவரும் உதவுவார்.

இரண்டாவது, கண்ணால் பாராமல் யோசனை சொல்கிறவர் வேண்டாம்.

மூன்றாவது, டின்னையும் புட்டியையும் சிபாரிசு செய்வதில் ஆதாயம் உள்ளவர் வேண்டவே வேண்டாம். 1992-ஆம் வருஷத்துச் சட்டம், 2003-இல் திருத்தப்பட்டபடி, இப்பொருள்களை விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. இவற்றைப் பரப்புவதற்காகச் சுகாதார ஊழியர்களுக்குக் கம்பெனிகள் பரிசு கொடுப்பதும் குற்றம்.

நான்காவது, தம் எல்லையை அறிந்தவராக இருக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பின் குழந்தை தினம் ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலும், இரண்டு வாரமாகியும் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலும், எழுப்பியும் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும், தாய்க்கு மார்பு சிவந்து காய்ச்சல் கண்டாலும், "உடனே டாக்டரிடம் போங்கள்" என்று சொல்பவரே நல்லவர். சில தாய்மார்களுக்கு உண்மையிலேயே பால் குறைவுதான். அப்போது அவர்களைக் குற்றவாளியாக்காமல் மாற்று வழி சொல்லவும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

பாட்டியின் பூண்டுப் பாலை மறுக்க வேண்டியதில்லை. அதில் அன்பு இருக்கிறது. ஆனால் "போதவில்லை" என்று யாராவது ஆரம்பித்தால், "குழந்தை குடிப்பதைப் பார்த்தீர்களா?" என்று வீட்டில் ஒருவராவது கேட்கட்டும். பிள்ளை பெற்ற களைப்பில் இருப்பவளுக்கு அதைக் கேட்கத் தெம்பு இராது. அவளுக்காக மற்றவர்கள்தான் கேட்கவேண்டும்.